செம்மறியாட்டுத் தீவனம்: கருகிய புண்ணாக்கில் புரதம் இருந்தும் பயனில்லை

சிவகங்கை மாவட்டத்தில் ராமநாதபுரம் வெள்ளை இனச் செம்மறி வளர்க்கும் விவசாயிகள், புண்ணாக்கு வாங்கும்போது விலையோடு அது பட்ட சூட்டையும் கவனிக்க வேண்டும். புரதம் ஆட்டின் உடலில் சேர்வதும் புழுக்கையில் வீணாவதும் பெருமளவு அந்தச் சூட்டைப் பொறுத்தது.

வயிற்றில் நடப்பது என்ன?

கடலைப் புண்ணாக்கில் 40 முதல் 45 சதவீதம் வரை புரதம் உண்டு. இதன் பெரும்பகுதியை ஆட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் வேகமாக அம்மோனியாவாகச் சிதைக்கின்றன. அதில் ஒரு பங்கைக் கொண்டு நுண்ணுயிரிகள் பெருகி, பின்னர் அவையே ஆட்டுக்குப் புரதமாகின்றன. மிஞ்சும் அம்மோனியா யூரியாவாக மாறிச் சிறுநீரில் வெளியேறிவிடும்.

அளவான சூடு பட்ட புண்ணாக்கு மெதுவாகச் சிதையும். புரதத்தின் ஒரு பகுதி தப்பிச் சிறுகுடலுக்குச் சென்று அங்கே செரிக்கும். இதுவே 'பைபாஸ் புரதம்'. வளரும் குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய் ஆடுகளுக்கும் இது நல்லது.

சூடு மிஞ்சினால், லைசின் என்னும் அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்துவிடும். அந்தப் புரதம் பெருவயிற்றிலும் குடலிலும் செரிக்காது. ஆனால் வழக்கமான புரதப் பரிசோதனையில் அளவு குறையாது. எனவே மூட்டையில் அச்சிட்ட சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

* கரும்பழுப்பு நிறமும் கருகிய வாடையும் இருந்தால் தவிர்க்கவும்.
* மரச்செக்குப் புண்ணாக்கில் சூடு குறைவு, எண்ணெய் அதிகம். விரைவில் காறிவிடும் என்பதால் சிறிது சிறிதாக வாங்கவும்.
* பூசணம் பிடித்ததை ஆட்டுக்குப் போட வேண்டாம். வறுத்தாலும் அஃப்ளாடாக்சின் நச்சு முழுமையாக நீங்காது.
* பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உள்ளது. ஆலையில் பக்குவமாகச் சூடாக்கிய சோயாப் புண்ணாக்கே ஏற்றது.

எப்படிக் கொடுப்பது?

வீட்டில் புண்ணாக்கை வறுக்க வேண்டாம். சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது. அதற்குப் பதிலாக, வேகமாகச் சிதையும் கடலைப் புண்ணாக்கோடு மெதுவாகச் சிதையும் தேங்காய்ப் புண்ணாக்கைச் சம அளவில் கலக்கலாம்.

100 கிலோ கலப்புத் தீவனத்துக்கு: உடைத்த மக்காச்சோளம் 40, தவிடு 37, இருவகைப் புண்ணாக்கும் சேர்த்து 20, தாது உப்புக் கலவை 2, உப்பு 1 கிலோ.

மேய்ச்சலோடு குட்டிகளுக்குத் தினமும் 100 முதல் 150 கிராமும், சினையின் கடைசி ஆறு வாரங்களில் தாய் ஆட்டுக்கு 200 முதல் 250 கிராமும் போதும். புதிய தீவனத்தைப் பத்து நாட்களில் படிப்படியாகப் பழக்குங்கள். மாதம் ஒருமுறை குட்டிகளை எடை போடுங்கள். நன்றாகத் தின்றும் எடை ஏறவில்லை என்றால் குடற்புழுவுக்கு மருந்து கொடுத்த நாளையும் புண்ணாக்கின் தரத்தையும் சரிபாருங்கள்.