சக்கரத்தில் முடியாத தாழி

பெரிய பானை சக்கரத்தில் பிறக்கும், சக்கரத்தில் வளராது. ஈரமண்ணுக்குத் தன் பாரத்தைத் தாங்கும் தெம்பு கிடையாது. அளவுக்கு மீறிச் சுவரை உயர்த்தினால் வயிறு தொய்ந்து, வாய் கோணி உட்கார்ந்துவிடும். அதனால் தமிழகக் குயவர்கள் வாயையும் கழுத்தையும் மட்டும் சக்கரத்தில் முடித்துக்கொண்டு, உடலைத் தடித்த சுவராகவே விட்டு, அடி திறந்தபடி அறுத்தெடுத்தார்கள்.

மீதி வேலை தரையில் நடக்கும். நிழலில் வைத்த பானை சற்று இறுகியதும் ஒரு கை உள்ளே உருண்டைக் கல்லை அணைத்துப் பிடிக்கும். மறு கை அதற்கு நேர் வெளியே மரப்பலகையால் தட்டும். பலகையில் மண் ஒட்டாமலிருக்கச் சாம்பல். தட்டத் தட்டச் சுவர் மெலியும், வயிறு பருக்கும், அடியில் இருந்த ஓட்டை சிறுத்துக் கடைசியில் மூடிக்கொள்ளும். நம் பானைகளின் உருண்ட அடி இப்படி வந்ததுதான்.

இந்தத் தொழிலின் பழைய சாட்சி, இறந்தவர்களை வைத்துப் புதைத்த ஈமத்தாழி. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரை 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார். 1899இல் அலெக்சாண்டர் ரீ விரிவான அகழாய்வைத் தொடங்கினார். 114 ஏக்கர் பரந்த அந்த இடுகாட்டில் கிடைத்த தாழிகள் பல, மனித உடலையே உட்கார்த்தி வைக்கும் அளவானவை. குவிந்து இறங்கும் அவற்றின் அடியைச் சக்கரத்தின் தட்டையான தலைமேல் நிறுத்தி வனைய வழியில்லை.

புறநானூற்றில் இரண்டு பாடல்கள் தாழி செய்யும் குயவரை நோக்கியே பேசுகின்றன. 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார், இறந்த சோழன் கிள்ளிவளவனின் புகழுக்கு ஏற்ற தாழி வனைய நிலமே சக்கரமாகவும் பெருமலையே மண்ணாகவும் வேண்டுமே, உன்னால் ஆகுமா என்கிறார். 256இல் கணவனை இழந்தவள், தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்கிறாள். சோகத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இரண்டுமே பெரிய அளவைக் கேட்கும் கோரிக்கைதான்.

பெரிதாக்க இன்னொரு வழி, துண்டுகளை அடுக்குவது. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் கிடைத்த உறைகிணறுகள் சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டியவை. நெல் குதிர்களிலும் இதே உறை அடுக்கு உண்டு.

கிராமக் கோயில்களின் அய்யனார் குதிரைகளில் சக்கரத்துக்கு இன்னும் குறைந்த வேலை. ஆளுயரத்தைத் தாண்டும் உருவங்களுக்கு வேளார்கள் எனப்படும் குயவர்கள் களிமண்ணோடு மணலும் உமியும் கலக்கிறார்கள். அதனால் உலரும்போது வெடிப்பு ஓடாது. நான்கு கால்களும் முதலில் உள்ளீடற்ற குழாய்களாக எழும். அவை இறுகிய பிறகே அவற்றின்மேல் வயிறு ஏறும், பிறகு கழுத்து, கடைசியில் தலை. ஒவ்வொரு கட்டத்திலும் பலகைத் தட்டு உண்டு. மிகப் பெரிய குதிரையைச் சூளைக்குத் தூக்க முடியாது. நின்ற இடத்திலேயே சுற்றிலும் எரிபொருள் அடுக்கித் தீ மூட்டுவார்கள்.