பாஸ்டர் முறை

பாலைக் கொதிக்க விடாமல், குறித்த உஷ்ணத்தில் குறித்த நேரம் நிறுத்தி, அதிலுள்ள நோய்க்கிருமிகளைக் கொன்று, உடனே குளிர்விக்கும் முறைக்குப் பாஸ்டர் முறை என்று பெயர். 1860களில் திராட்சை மது புளித்துக் கெடாதிருக்க லூயி பாஸ்டர் கண்ட உபாயம் இது. இதைக் குழந்தைகளுக்குரிய பாலுக்கும் கையாள வேண்டுமென்று 1886இல் ஜெர்மானிய ரசாயன அறிஞர் சாக்ஸ்லெட் எடுத்துரைத்தார். பால் பொங்கும்வரை காய்ச்சாமல் அருந்தாத நம் வீடுகளுக்கு இதில் வியப்பில்லை; ஆனால் பச்சைப் பாலையே பருகிவந்த மேல்நாட்டு நகரங்களில், இந்த எளிய காரியம் சட்டமாவதற்குள் எண்ணற்ற சிசுக்கள் மாண்டன.

நியூயார்க்கில், சாராய வடிசாலைகளை ஒட்டிய இருண்ட தொழுவங்களில் கட்டுண்டு, வடித்த தானியத்தின் கழிவுக் கஞ்சியை மட்டுமே தின்று நோயுற்ற பசுக்களின் நீலம் பாரித்த பாலில், சுண்ணப் பொடியும் மாவும் கலந்து விற்றுவந்த கொடுமையை 1858இல் ஃபிராங்க் லெஸ்லியின் வாரப் பத்திரிகை படங்களுடன் அம்பலப்படுத்தியது. அந்நகரில் வணிகர் நேதன் ஸ்ட்ராஸ் 1893இல் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, ஏழைக் குழந்தைகளுக்குப் பதப்படுத்திய பால் வழங்கும் நிலையத்தைத் திறந்தார். அரசாங்கம் செய்யத் தவறியதை ஒரு தனிமனிதர் செய்தார் என்றே இதைச் சொல்ல வேண்டும். சிகாகோ நகரம் 1908இல் இம்முறையைச் சட்டமாக்கிற்று. பாலின் வழியே பரவும் மாட்டின் காசநோய் மனிதரைப் பெரிதும் தாக்காது என்று, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக்கே 1901இல் கூறியது பெரும் பிழை. பிரிட்டிஷ் ராயல் கமிஷன் பத்தாண்டு ஆராய்ந்து 1911இல் அதை மறுத்தது.

பாலைச் சூடாக்குவதிலும் கடினமானது, அது முற்றும் சூடாயிற்று என்று நிரூபிப்பது. பாலில் இயல்பாகவே உள்ள பாஸ்படேஸ் என்னும் நொதி, காசநோய்க் கிருமி மடிவதற்குத் தேவையானதைவிடச் சற்றே மிகுந்த வெப்பத்தில்தான் அழியும் என்பதைப் பற்றுக்கோடாகக் கொண்டு, 1930களில் இங்கிலாந்தில் கே, கிரேயம் என்ற இருவர் ஒரு சோதனையை வகுத்தனர். சோதனைக் குழாயில் நீல நிறம் தோன்றினால், சூடு போதவில்லை, அல்லது பச்சைப் பால் கலந்துவிட்டது என்று பொருள். இன்று ஆலைகளில் பால் 63 பாகை செல்சியஸில் 30 நிமிஷமோ, 72 பாகையில் 15 விநாடியோ நிற்கிறது. தொடர்ந்து பாயும் குழாயில் உஷ்ணம் ஒரு சிறிது குறைந்தாலும், திசைமாற்றும் வால்வு தானே திறந்து, பாலை மீண்டும் தொடக்கத் தொட்டிக்கே அனுப்பிவிடுகிறது. கியூ காய்ச்சலின் கிருமி வெப்பத்தை இன்னும் அதிகம் தாங்கவல்லது என்று தெரிந்தபின், அமெரிக்காவில் 1956இல் 30 நிமிஷ முறையின் உஷ்ணம் இந்த 63 பாகை அளவுக்கு உயர்த்தப்பட்டது.

ஆயினும், சூடாக்கிய பின் மாசு சேருமானால் இம்முறையால் பயனில்லை. 1985இல் இல்லினாய்ஸ் மாகாணத்தில், பதப்படுத்திய பாலின் வழியே 16,000க்கு மேற்பட்டோரைச் சால்மொனெல்லா கிருமி தாக்கியது. கலப்படத்தையும் இது தடுக்காது: 2008இல் சீனாவில் புரதம் மிகுந்திருப்பதுபோல் காட்ட மெலமைன் என்னும் ரசாயனம் கலந்த பால்மாவால் சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். பாலைக் காய்ச்சும் எந்த வெப்பமும் அந்த விஷத்தை அழிக்காது.

இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும், அதனிடத்தில் வந்த 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டமும் பாலுக்குத் தரம் வகுத்துள்ளன. எனினும், நம் நாட்டுப் பாலில் பெரும்பகுதி இன்றும் ஆலையின் வாயிலைக் காணாமலே வீடுகளை அடைகிறது. அத்தகைய பாலை வாங்குவோர், குழந்தைக்குக் கொடுக்குமுன் பொங்கக் காய்ச்சிக் கொடுப்பாராக.