ஒரு வரியில் தடக்கி நின்ற ஆசிரியர்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

பௌதிகவியலில் காந்தப்புலம் படிப்பிக்கும்போது "ஹோல் விளைவு" என்று ஒரு சிறு பகுதி வரும். ஒரு படம், ஒரு சமன்பாடு, இரண்டு கடந்தகால வினாக்கள், அத்தோடு அடுத்த பாடம். ஹோல் யாரென்று பிள்ளைகள் கேட்பதில்லை, எங்களுக்கும் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அவரும் எங்களைப் போல ஒரு பாடசாலை ஆசிரியராக இருந்தவர்தான்.

எட்வின் ஹோல் 1855இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். பட்டம் முடித்து இரண்டு வருடங்கள் பாடசாலைகளில் அதிபராக வேலை பார்த்துவிட்டு, 1877இல் பால்டிமோரில் அப்போதுதான் புதிதாகத் திறந்திருந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹென்றி ரோலண்டிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கே அவர் வாசித்த புத்தகங்களில் ஒன்று மக்ஸ்வெல் 1873இல் வெளியிட்ட மின்னும் காந்தமும் பற்றிய பெரிய நூல். அந்தத் துறையில் அதற்கு மேல் ஒரு நூல் அன்று கிடையாது.

அதில் ஒரு இடத்தில் ஹோல் தடக்கி நின்றார். மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தம் தள்ளும் என்பது 1820இலேயே தெரிந்த விடயம். மக்ஸ்வெல் என்ன சொன்னார் என்றால், அந்த விசை தாக்குவது கம்பியைத்தான், உள்ளே ஓடும் மின்னோட்டத்தை அல்ல, இதைக் கவனமாக நினைவில் வைக்க வேண்டும் என்று. கம்பியை அசையாமல் பிடித்துவிட்டால் ஓட்டத்தின் பாதையைக் காந்தம் மாற்றாது என்பதும் அவருடைய கருத்து.

ஹோலுக்கு இது பிடிபடவில்லை. மின்னோட்டம் இல்லாத செப்புக் கம்பியைக் காந்தம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஓட்டத்தைக் கூட்டினால் விசை கூடுகிறது. கம்பி தடிப்பா மெல்லிசா, எந்த உலோகம் என்பதெல்லாம் விசையில் வித்தியாசம் காட்டுவதில்லை. அப்படியானால் தள்ளப்படுவது கம்பியா, அதற்குள் ஓடுவதா? சுவீடன் நாட்டு எட்லண்ட் என்பவரின் கட்டுரையொன்று மக்ஸ்வெலுக்கு நேர்மாறாகச் சொல்வதையும் அவர் கண்டார். நேரே போய் ரோலண்டிடம் கேட்டார்.

இந்த இடம்தான் எங்களுக்கு மிகப் பிடித்தது. "மக்ஸ்வெலையே கேள்வி கேட்கிறாயா?" என்று ரோலண்ட் விரட்டவில்லை. தனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, முன்பு அவசரமாக ஒரு பரிசோதனை செய்தும் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். தொடர்ந்து செய்ய அவருக்கு நேரமில்லை. மாணவர் கையில் எடுத்தார்.

1879 ஒக்டோபரில் முதல் முயற்சி. காந்தம் ஓட்டத்தை ஒரு பக்கம் ஒதுக்கினால், ஓட்டம் ஒடுக்கமான வழியால் போக வேண்டும், தடை கூட வேண்டும் என்பது கணக்கு. ஜேர்மன் சில்வர் கம்பியைத் தட்டையான சுருளாக்கி, பலமான மின்காந்தத்தின் முனைவுகளுக்கு நடுவில் வைத்து, பல நாட்கள் நூற்றுக்கணக்கான அளவீடுகள் எடுத்தார். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்தைக் கூடப் பிடிக்கக்கூடிய ஏற்பாடு. தடை மாறவில்லை.

பலர் இத்துடன் விட்டிருப்பார்கள். ஹோல் வேறு விதமாக யோசித்தார். ஓட்டம் ஒதுங்கப் பார்க்கிறது, ஆனால் ஒதுங்க இடமில்லை என்றால்? அப்போது தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே ஒரு அழுக்கம், அதாவது ஒரு சிறிய வோல்ற்றளவு உண்டாக வேண்டும். ரோலண்டின் பழைய பரிசோதனை அதைத் தேடியதுதான். இம்முறை ரோலண்டின் யோசனைப்படி தடித்த உலோகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியில் ஒட்டிய தங்கத்தாள். ஒக்டோபர் 28ஆம் திகதி மின்காந்தத்தைப் போட்டதும் கல்வனோமானி விலகியது, விலகியபடியே நின்றது. காந்தத்தின் திசையை மாற்றினால் விலகலும் மறுபக்கம் போனது.

தங்கத்தாள் ஏன்? ஒரே ஓட்டமும் ஒரே புலமும் இருக்க, தகடு எவ்வளவு மெல்லிதோ ஹோல் வோல்ற்றளவு அவ்வளவு பெரிது. 1 மில்லிமீற்றர் தடிப்பான தங்கத் தகட்டில் 1 அம்பியர், 1 தெசுலா என்றால் கிடைப்பது ஏறத்தாழ 0.1 மைக்ரோவோல்ற்று. தாளின் தடிப்பு அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால், அதே ஓட்டத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிவோல்ற்று.

இன்று நாங்கள் இதைச் சொல்வது இலகு. q ஏற்றமுள்ள துணிக்கை v வேகத்தில் B புலத்துக்குச் செங்குத்தாக ஓடினால் அதன் மேல் qvB விசை. நின்றால் விசை இல்லை. உலோகத்தில் இலத்திரன்கள் ஒரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுச் சேர்கின்றன. சேர்ந்த ஏற்றமே பின்னால் வருபவற்றை எதிர்த்துத் தள்ளுகிறது. இரண்டு விசையும் சமப்பட்டதும் ஓட்டம் பழையபடி நேராகப் போகிறது. முதல் பரிசோதனையில் தடை மாறாததும் இதனால்தான். ஆகவே மக்ஸ்வெலை நையாண்டி செய்ய வேண்டாம். பாதை மாறாது என்பதில் அவர் சரி, விசை எதன்மேல் என்பதில்தான் பிழை. ஹோலின் கட்டுரை வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை, நவம்பர் 5ஆம் திகதி காலமாகிவிட்டார்.

இத்தனையும் நடந்தபோது இலத்திரன் என்ற ஒன்றை எவரும் கண்டிருக்கவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தொம்சன் கதோட்டுக் கதிர்களை வளைத்துக் காட்டியது 1897இல், 18 வருடங்கள் கழித்து.

உங்கள் கையிலுள்ள கைப்பேசியில் கிப்லாத் திசை காட்டும் செயலி இருக்கிறதல்லவா? பல கைப்பேசிகளில் அந்தத் திசைகாட்டி வேலை செய்வது ஹோல் விளைவால்தான். தங்கத்தாளுக்குப் பதிலாக ஒரு குறைகடத்தித் துண்டு. அதனால்தான் காந்தம் வைத்த உறை போட்டால் அம்புக்குறி பிழையாகக் காட்டும். கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஹோல் பிறகு ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கும் பாடசாலையை மறக்கவில்லை. 1880களில், அனுமதி கேட்கும் மாணவர்கள் பாடசாலையிலேயே தம் கையால் செய்திருக்க வேண்டிய 40 பௌதிகப் பரிசோதனைகளின் பட்டியலைத் தயாரித்தார். கண்டுபிடிப்பை விட இந்தப் பட்டியலுக்காகவே அவரை நாங்கள் கூடுதலாக மதிக்கிறோம்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. ஹோல் இரும்பையும் சோதித்தார். வோல்ற்றளவின் குறி தங்கத்துக்கு எதிராக வந்தது. அவருக்கு அது புதிராகவே இருந்தது. எதிர்க்குறி எப்படி வரமுடியும் என்பதற்கு 1929இல் பைர்ல்ஸ் குவாண்டம் கொள்கையால் வழி காட்டினார். கேள்வி இதுதான்: ஒரே திசையில் ஒரே மின்னோட்டம். உள்ளே ஓடுவது நேரேற்றமானாலும் மறையேற்றமானாலும் காந்தம் கம்பியை ஒரே பக்கம்தான் தள்ளுகிறது. ஆனால் ஹோல் வோல்ற்றளவின் குறி மட்டும் மாறுகிறது. ஏன்? படம் வரைந்து பார்த்து, பதிலைக் கீழே எழுதுங்கள்.