சமத்துவமும் சோதனைப் புள்ளியும்



எல்லாரும் சமமாக வாழ வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. அந்தச் சமத்துவத்தை எப்படி உண்டாக்குவது என்பதே கேள்வி. அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் 1961இல் வெளியிட்ட ஒரு சிறுகதையில், வலிமையுள்ளவன் உடலில் அரசாங்கம் பாரத்தைக் கட்டுகிறது. அறிவாளியின் காதில் இரைச்சலை எழுப்பிச் சிந்தனையைக் கலைக்கிறது. அதற்குச் சமத்துவம் என்று பெயர்!

அது கற்பனை. அதற்கு நெருங்கிய ஒன்று இலங்கையில் உண்மையாகவே நடந்தது.

யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே பாதிரிமாரும் சைவப் பெரியோரும் நல்ல பள்ளிக்கூடங்களை நிறுவினார்கள். அதன் பயனாக, 1969ஆம் ஆண்டளவில் பொறியியலும் மருத்துவமும் படிக்கச் சென்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தமிழர்கள். சிங்களக் கிராமங்களிலோ விஞ்ஞானக்கூடம் உள்ள பள்ளிகள் குறைவு. அவர்களுடைய குறையும் உண்மையான குறைதான்.

பள்ளிகளை உயர்த்துவது நீண்ட நாள் வேலை. புள்ளியை மாற்றுவது சுலபம். 1970இல் அமைந்த அரசாங்கம் சுலபமான வழியைப் பிடித்தது. பொறியியலில் சேர, சிங்களத்தில் எழுதியவருக்கு 227 புள்ளி போதும்; தமிழில் எழுதியவர் 250 பெற வேண்டும் என்றாயிற்று. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. அவ்வாண்டு பொறியியலில் தமிழர் பங்கு ஏறத்தாழ 16 விழுக்காடாகக் குறைந்தது. மாவட்ட முறையால் வன்னி, மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்ததை நாம் மறைக்கக் கூடாது. மொழிவாரி முறை 1977இல் கைவிடப்பட்டது. ஆனால் இளைஞர் மனத்தில் மூண்ட கசப்பு ஆறவில்லை.

மலையகத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளோ இந்தக் கணக்கிலேயே வரவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த குடும்பங்கள் அவை. அங்கே தோட்டப் பள்ளிகள் பல ஐந்தாம் வகுப்போடு நின்றன. சோதனை மண்டபத்தையே எட்டாத பிள்ளைக்குப் புள்ளிக் கணக்கால் என்ன பயன்?

ஜொகூர்த் தோட்டப் பள்ளியில் கற்பிக்கும் நமக்கு இது நன்றாக விளங்கும். 80 புள்ளி பெற்றவனிடம் 20ஐக் குறைத்தால், 40 பெற்றவனுக்கு ஓர் எழுத்தும் கூடுதலாகத் தெரிந்துவிடாது. அவனுக்கு வேண்டியது வீட்டில் ஒரு விளக்கு, ஒரு மேசை, மாலையில் ஒரு மணி நேரப் பாடம். பெற்றோர்களே, அதை முதலில் கேளுங்கள். நாமும் சேர்ந்து கேட்போம்.