நிலைப்படியும் சாய்தளமும்: மாற்றுத்திறனாளிகளின் வேலையுரிமை செட்டிநாட்டை எட்டிய வழி

மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பு பற்றிய பன்னாட்டுப் பேச்சு, போர்க்களத்திலிருந்து கை கால் இழந்து திரும்பிய படைவீரர்களை முன்னிட்டே வலுப்பெற்றது. 1944இல் பிலடெல்பியாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மாநாடு, போர்க்காலத் தொழில்களிலிருந்து அமைதிக்காலத் தொழில்களுக்கு மாறுவது குறித்த தன் 71ஆம் பரிந்துரையில், ஊனம் எக்காரணத்தால் நேர்ந்திருந்தாலும் வேலைக்கான வாய்ப்பு மறுக்கப்படலாகாது என்ற கருத்தையும் சேர்த்தது. 1955இல் வந்த 99ஆம் பரிந்துரை 'தொழில்சார் மறுவாழ்வு' என்ற சொல்லுக்கு விளக்கம் தந்தது. வழிகாட்டல், பயிற்சி, தகுந்த பணியில் அமர்த்துதல் ஆகிய மூன்றும் ஒரே தொடர்ச்சியாக நடைபெற வேண்டும் என்பதே அதன் சாரம். பரிந்துரை என்பது நாடுகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை. உடன்படிக்கை என்பது ஏற்பளித்த நாட்டைக் கட்டுப்படுத்துவது. அந்தத் தகுதியைப் பெற்ற 1983ஆம் ஆண்டின் 159ஆம் உடன்படிக்கை, சம வாய்ப்புக்காக எடுக்கப்படும் சிறப்பு நடவடிக்கைகள் மற்றத் தொழிலாளர்களுக்கு எதிரான பாகுபாடாகக் கருதப்படா என்று அறிவித்தது. இடஒதுக்கீட்டுக்கு எதிராக இன்றும் எழுப்பப்படும் வாதத்துக்கு அன்றே சொல்லப்பட்ட விடை என்று இதைக் கொள்ளலாம்.

ஆயினும் இந்த ஆவணங்கள் பெரும்பாலும் மனிதரைப் பயிற்றி வேலைக்குப் பொருத்துவதைப் பற்றியே பேசின. வேலையிடம் இருந்தபடியே இருக்க, அதற்கு ஏற்றவராகத் தொழிலாளி ஆக வேண்டும் என்ற எண்ணமே அவற்றில் மேலோங்கியிருந்தது. ஐக்கிய நாடுகள் அவை 1981ஐப் பன்னாட்டு ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்து, முழுப் பங்கேற்பையும் சமத்துவத்தையும் அதன் நோக்கமாக வைத்தபோது இந்த எண்ணம் அசையத் தொடங்கியது. அதே 1981இல், கடற்படைத் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், இன்றைய தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளி ஒருவர் உதவி பெறுபவராக நில்லாமல் நிறுவனத்தை நடத்துபவராகவும் ஆகலாம் என்பதைத் தமிழகச் சிற்றூர் ஒன்று கண்டுகொண்ட நிகழ்வு அது.

பெருந்திருப்பம் 2006 டிசம்பர் 13 அன்று நேர்ந்தது. ஐ.நா. பொது அவை அன்று ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, ஊனத்தை உடலில் மட்டும் தேடாமல், உடற்குறைக்கும் சூழலிலும் மனப்பான்மையிலும் உள்ள தடைகளுக்கும் இடையே விளைவதாகப் பார்த்தது. அதன் 27ஆம் பிரிவு, மற்றவரோடு சமமாக வேலை செய்து பிழைக்கும் உரிமையைக் கூறுகிறது. 9ஆம் பிரிவு கட்டடம், போக்குவரத்து, தகவல் ஆகியவற்றைத் தடையின்றி அணுகும் நிலையைக் கோருகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் கருத்து 2ஆம் பிரிவில் உள்ள 'நியாயமான தகவமைப்பு' என்பது. அதாவது, வேலை தருபவர்மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல், குறிப்பிட்ட ஒருவருக்குத் தேவையான மாற்றத்தைப் பணியிடத்தில் செய்து தருவது. அதை மறுப்பதே பாகுபாடு என்று அந்த ஆவணம் வகுத்தது. உடன்படிக்கை கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட 2007 மார்ச் 30 அன்றே இந்தியா கையெழுத்திட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று ஏற்பளித்தது.

இந்தியாவுக்குள் வரலாறு வேறொரு வரிசையில் நகர்ந்தது. இங்கு எண்ணிக்கை முதலில் வந்தது, வாசல் பிறகு வந்தது. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு 1977இலேயே தொடங்கியது; 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சட்ட உரிமையாக்கி, பார்வை, செவி, இயக்கம் சார்ந்த குறைபாடுகளுக்குத் தலா ஒரு விழுக்காடு எனப் பிரித்தது. எனினும் எந்தப் பணியிடங்களை வைத்து அந்த 3 விழுக்காட்டைக் கணக்கிடுவது என்ற கேள்விக்கே, தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடர்பான வழக்கில் 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை தெளிவு கிடைக்கவில்லை. ஒரு கணக்கு முறைக்காகப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் வயது வரம்பைக் கடந்துபோயிருப்பார்கள் என்பதை எண்ணாமல் இந்த வரலாற்றைப் படிக்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களில் வேலையில் இருந்தோர் 36 விழுக்காட்டினர் மட்டுமே. பெண்களைத் தனியே பார்த்தால் 23 விழுக்காடு.

ஐ.நா. உடன்படிக்கைக்கு இணங்க இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அது 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அரசுப் பணியில் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது. தனியார் நிறுவனங்களையும் சம வாய்ப்புக் கொள்கை வகுக்கச் சொன்னது. தமிழகத்தில் அதற்கு முன்பே, 2010இல், 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை அரசு கைவிட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்பதை ஏற்றிருந்தது. சொல் மாறியது நல்லதே. அலுவலக வாசற்படி மாற இன்னும் நாளாயிற்று.

செட்டிநாட்டில் இந்த ஒதுக்கீட்டின் கை எட்டும் இடங்கள் சிலவே. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் தந்து காரைக்குடிக்குக் கொண்டுவந்த, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1985இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகம், வங்கிகள், அரசு அலுவலகங்கள் ஆகியவையே அவை. பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கும் மறுவாழ்வு அறிவியலுக்கும் தனித் துறையே இயங்குகிறது. ஆனால் இவ்வட்டாரத்தில் பலருக்குச் சோறு போடுபவை கடைகளும், பலகாரக் கூடங்களும், கண்டாங்கிச் சேலைத் தறிகளும், ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கும் பட்டறைகளும், பழைய வீடுகளில் நடக்கும் தங்கும் விடுதிகளுமே. இருபது பேருக்குக் குறைந்த தனியார் நிறுவனத்திடம், அச்சட்டத்தின் கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகள் கேட்பது, பணியாளருக்கு என்ன வசதிகள் செய்து தரப்படும் என்ற சுருக்கமான கொள்கையை மட்டுமே.

ஆத்தங்குடிப் பட்டறையின் வேலையைப் பகுத்துப் பார்த்தால் நியாயமான தகவமைப்பின் பொருள் தெளிவாகும். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவது உட்கார்ந்தபடி செய்யும் கைவேலை. அதற்குக் கண்ணும் விரலும் போதும், கால் வேண்டியதில்லை. அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டுச் சமன்செய்வதும் அவ்வாறே. கனத்த கல்லைத் தூக்கிச் சென்று தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதே கால்வலுவைக் கேட்கும் வேலை. தரையில் நடக்கும் பணியை மேசை உயரத்துக்கு உயர்த்தி, தூக்கும் பொறுப்பை மற்றொருவருக்குப் பிரித்துக் கொடுத்தால், சக்கர நாற்காலியில் இருப்பவர் அந்தப் பட்டறையின் தேர்ந்த கைவினைஞராக முடியும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வேலையை முழுதாகப் பாராமல் கூறுகளாகப் பார்க்கும் மனம் வேண்டும்.

தங்கும் விடுதிகளாக நடக்கும் பழைய நகரத்தார் வீடுகளின் நிலை இதனினும் கடினம். வெள்ளத்துக்கு அஞ்சியும் மதிப்புக் கருதியும் தெருவுக்கு மேலே உயர்த்திக் கட்டப்பட்ட அந்த வீடுகளில், படிகள் ஏறித் திண்ணையையும், நிலைப்படி தாண்டி உள்முற்றமான வளவையும் அடைய வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் பொது அளவு. மூன்றடி உயர மேடைக்கு 36 அடி தேவை. முகப்பின் அழகைக் குலைக்காமல் அத்தனை நீளத்தைத் தெருப்பக்கம் காண்பது அரிது. பின்கட்டு வழியாகவோ பக்கவாட்டிலோ வழி தேடுவது கட்டடக் கலைஞர் முன் உள்ள உண்மையான பணி. பாரம்பரியம் என்ற சொல்லை அதைத் தட்டிக்கழிக்கப் பயன்படுத்துவது முறையன்று, ஏனெனில் மக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் சட்டத்தின் பார்வையில் பொதுக் கட்டடமே. இருக்கும் கட்டடங்களை மாற்ற அளிக்கப்பட்ட ஐந்தாண்டுக் காலம் 2022 ஜூனில் முடிந்தது. இராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகலுக்கான அளவுகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த, 2017ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதி சட்டத்துக்கு முரணானது எனக் கூறி, கட்டாய விதிகளை வகுக்க ஆணையிட்டது. எண்பது ஆண்டுகளுக்கு முன் பிலடெல்பியாவில் பரிந்துரையாகத் தொடங்கிய பேச்சு, கட்டாயம் என்ற சொல்லை வாசற்படி வரையில் கொண்டுவர இத்தனை காலம் பிடித்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டத்துக்கு உலக வங்கி 2022 ஜூனில் 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அதன்கீழ் 'விழுதுகள்' என்ற பெயரில் மறுவாழ்வுச் சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. சிவகங்கையில் உள்ள மாவட்ட அலுவலகத்துக்கு ஒவ்வொரு சான்றுக்கும் காரைக்குடியிலிருந்து பேருந்துப் படியேறிச் செல்ல வேண்டியவர்க்கு, சேவை அருகில் வருவதே முதல் ஆறுதல். இவற்றைவிட ஆழமாகச் செல்லக்கூடியவை 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முன்வைக்கப்பட்டு நிறைவேறிய திருத்தங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க அவை வழி செய்கின்றன. அணுகல் விதிகளுக்கு ஒவ்வாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரலாகாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. காரைக்குடி இப்போது மாநகராட்சி. புதிய வணிக வளாகத்துக்கோ விடுதிக்கோ இசைவு தரும் நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் மன்றத்தில், சாய்தளம் எங்கே என்று கேட்கத் தன் வாழ்வாலேயே தகுதி பெற்ற ஒருவர் உறுப்பினராக அமரும் வழி இனி உண்டு.