தென்கிழக்காசியப் புகைமூட்டம்: செயற்கைக்கோள் கண்காணிப்பு

இந்தோனேசியாவின் சுமத்ரா, கலிமந்தான் தாழ்நிலங்களில் பற்றும் தீயையும், அதிலிருந்து எழுந்து சிங்கப்பூர், மலேசியா வரை பரவும் புகைமூட்டத்தையும் விண்வெளியிலிருந்து கண்டறியும் முறைகள் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இங்கே மரங்களைவிட மண்ணே அதிகம் எரிகிறது. நீரில் ஊறி, முழுதும் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த தாவர எச்சங்களால் ஆன நிலம் இது. இதுவே பீட் நிலம் எனப்படுகிறது. எண்ணெய்ப்பனைக்கும் காகிதக்கூழ் மரங்களுக்கும் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், அந்த மண் காய்ந்து எரிபொருளாகிறது. 1990களின் நடுவில் மத்தியக் கலிமந்தானில் சுகார்த்தோ அரசு தொடங்கிய பெரும் நெல் திட்டம், சுமார் 10 லட்சம் ஹெக்டேர் நிலத்தை இலக்காகக் கொண்டு இதையே செய்தது. அடுத்து வந்த 1997 எல் நினோ வறட்சியில் அந்தப் பகுதி பற்றி எரிந்தது. எரிந்த பரப்பைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்தும், எரிந்த ஆழத்தைக் களத்திலும் அளந்த ஆய்வாளர்கள், அவ்வாண்டு இந்தோனேசியத் தீ வெளியிட்ட கரிமம் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை இருக்கலாம் என்று 2002இல் கணித்தனர்.

தீயைக் கண்டறியும் அடிப்படை எளிது. சாதாரணத் தரை ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர்வீசும். எரியும் பொருளின் கதிர்வீச்சு 4 மைக்ரோமீட்டருக்கு அருகே பெருகும். இரண்டையும் ஒப்பிட்டால், படத்தின் ஒரு புள்ளிக்குள் மிகச் சிறு பகுதி எரிந்தாலும் வேறுபாடு தெரிந்துவிடும். 1999இல் ஏவப்பட்ட டெரா, 2002இல் ஏவப்பட்ட அக்வா செயற்கைக்கோள்களின் மோடிஸ் கருவி 1 கிலோமீட்டர் நுணுக்கத்தில் இவ்வாறு தீயைத் தேடியது. 2011 முதல் விண்ணில் உள்ள விர்ஸ் கருவிகள் அதை 375 மீட்டராக்கின. ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் துல்லியத்தில் குறைந்தது. ஆனால் ஒரே இடத்துக்கு மேல் நிலைத்து நின்று 10 நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கிறது.

இவ்வாறு கிடைக்கும் 'வெப்பப் புள்ளி' எண்ணிக்கையைச் செய்திகள் தீயின் எண்ணிக்கையாகவே சொல்லிவிடுகின்றன. இது தவறு. ஒரு பெருந்தீ பல புள்ளிகளாகப் பதிவாகலாம். பல சிறு தீக்கள் ஒரே புள்ளியில் அடங்கலாம். பீட் தீ கொழுந்துவிடாமல் மண்ணுக்கடியில் கனன்றுகொண்டே இருப்பதால் அதன் வெப்பம் மேலே குறைவாகவே தெரியும். மேகமும் அடர்ந்த புகையும் எஞ்சியதை மறைக்கும். ஆகவே சிங்கப்பூரில் மூச்சுத் திணறும் நாளிலேயே புள்ளிகள் குறைந்து காணப்படுவது நடக்கக்கூடியது. புள்ளிகள் குறைந்தன என்ற செய்தியைத் தீ தணிந்தது என்று படிக்கக் கூடாது. அன்று வானம் தெளிவாக இருந்ததா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புகைக்கு வேறு கருவிகள் வேண்டும். காற்றில் மிதக்கும் துகள்கள் சூரிய ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்பதை மோடிஸ் போன்றவை அளக்கும். அது தரைமுதல் வானம்வரை உள்ள மொத்த அளவு. நாம் சுவாசிக்கும் உயரத்தில் எவ்வளவு என்பதைத் தரைநிலையங்களே சொல்ல முடியும். கனலும் பீட் கார்பன் மோனாக்சைடை ஏராளமாக வெளியிடுகிறது. அந்த வாயு வாரக்கணக்கில் காற்றில் தங்குவதால், மறைந்து எரியும் தீக்கும் அது நல்ல சாட்சி. டெராவில் உள்ள மாப்பிட் கருவி 2025 வரை அதை அளந்தது. 2017இல் ஏவப்பட்ட ஐரோப்பிய டிரோப்போமி கருவியும் அதை அளக்கிறது. 2015 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கடல்சார் தென்கிழக்காசியத் தீ நாளொன்றுக்குச் சராசரியாக 1.13 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டது என்றும், இது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் புதைபடிவ எரிபொருளால் வெளியிட்டதைவிட அதிகம் என்றும் மாப்பிட் அளவீடுகளின் துணையோடு கணக்கிடப்பட்டது. எரிந்த பரப்பை அளக்க லேண்ட்சாட், சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் பயன்படுகின்றன. 2015இல் இந்தோனேசியாவில் எரிந்த பரப்பு சுமார் 26 லட்சம் ஹெக்டேர்.

வட்டாரத்துக்கான எச்சரிக்கைகளைச் சிங்கப்பூரில் உள்ள ஆசியான் சிறப்பு வானிலை மையம் வெளியிடுகிறது. செயற்கைக்கோள் தகவல் நீதிமன்றத்துக்கும் போகலாம். எல்லை தாண்டும் புகை குறித்துச் சிங்கப்பூர் 2014இல் இயற்றிய சட்டம், செயற்கைக்கோள் தகவலையும் காற்றின் திசையையும் கொண்டு, ஓரிடத்துத் தீயின் புகையே நாட்டுக்குள் வந்தது என்று ஊகிக்க இடமளிக்கிறது. எரிந்த நிலம் எந்த நிறுவனத்துடையது என்பதைக் காட்ட நில உரிமை வரைபடமும் தேவை. உரிமை எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களில் அதை எந்தக் கருவியாலும் வானிலிருந்து தீர்மானிக்க முடியாது.