வேலணைத் துரைசுவாமியர்

புளியங்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் அரசியல் பேசப்படும். அங்கே 'சேர்' என்று யாராவது சொன்னால் அது அயலூரான வேலணையைச் சேர்ந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமியையே குறிக்கும். எனது பாட்டனார் மட்டும் "துரைசுவாமியர்" என்பார்; சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாதிருப்பார். அந்த மௌனத்தின் காரணம் எனக்குப் பிற்காலத்தில்தான் விளங்கியது.

1874 ஜூன் 8இல் பிறந்த துரைசுவாமி, கல்கத்தாவில் பட்டம் பெற்று யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்தாகத் தொழில் புரிந்தவர். வழக்காடு மன்றத்திலிருந்து சட்டசபைக்குப் போவது அந்நாளைய யாழ்ப்பாணத்தில் இயல்பான பாதை. 1920களில் அவரும் அவ்வாறே போனார்.

அவரை மற்றையோரிலிருந்து வேறுபடுத்திக் காட்டியது 1931ஆம் ஆண்டு. டொனமூர் அரசியற்றிட்டம் பெண்கள் உட்பட வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியது. ஆயினும் அது முழுச் சுயராச்சியம் அன்று எனக் கூறி, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தற் பகிஷ்கரிப்புக்கு அறைகூவல் விடுத்தது. ஆசனத்துக்குரிய தகுதியும் ஆதரவும் கொண்டிருந்த துரைசுவாமி, தம்மிலும் மிக இளையவர்களின் கோரிக்கைக்கு இணங்கி ஒதுங்கிக்கொண்டார். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்பு மனுத் தாக்கல் செய்யப்படவில்லை. தெற்கும் பின்தொடரும் என்ற நம்பிக்கை பொய்த்தது. 1934இல் இடைத்தேர்தல்கள் நடைபெற்று அந்த ஆசனங்கள் நிரப்பப்பட்டன. இலட்சியத்தில் தவறில்லை, கணக்கில்தான் பிழை என்பது எனது அபிப்பிராயம்.

1936இல் ஊர்காவற்றுறைப் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குள் நுழைந்த துரைசுவாமியை, அச்சபை மார்ச் மாதத்திலேயே சபாநாயகராகத் தெரிவு செய்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எந்தச் சபையைப் பகிஷ்கரித்தாரோ, அதே சபையின் உயர்ந்த ஆசனம்! தீவகம் பூரித்துப் போனது.

ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே 1936இல், அதே சபையில், ஏழு நிர்வாகக் குழுக்களின் தலைமையும் சிங்களவருக்கே போயிற்று. அத்தலைவர்களே அமைச்சர்கள் என்பதால் 'தனிச் சிங்கள மந்திரிசபை' உருவாயிற்று. அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம் என்னும் தமிழரே என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. ஆக, நாற்காலி தமிழருக்கு, அதிகாரம் வேறிடத்தில்.

சபாநாயகர் விவாதத்தில் கலந்துகொள்ள முடியாது. வாதத்தையே தொழிலாகக் கொண்ட மனிதர் பதினோர் ஆண்டுகள் பிறர் பேசக் கேட்டிருந்தார். 1937இல் 'சேர்' பட்டம் கிடைத்தது. 1944இல் சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்ததும், வீ. நல்லையாவின் திருத்தத்தால் தமிழும் அதில் சேர்க்கப்பட்டதும் அவர் சபாநாயகராயிருந்த காலத்தில்தான். சோல்பரி அரசியற்றிட்டம் விவாதிக்கப்பட்டதும் அவ்வாறே. நடுநிலை தவறாதவர் என்று பெயரெடுத்தார். எதிரும் புதிருமானவர்கள் பதினோர் ஆண்டுகள் ஒருவரைச் சகித்துக்கொள்வது சாதாரண காரியமன்று. இருந்தாலும், அக்காலத்தில் தீவகத்துக்கென ஓங்கி ஒலிக்க ஒரு குரல் சபையில் இல்லாமற் போனதும் உண்மைதான்.

1947 பொதுத் தேர்தலில் ஊர்காவற்றுறை மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். சுயேச்சையாக நின்ற ஏ. எல். தம்பையா வென்றார்.

தோல்வியின் பின் துரைசுவாமி நெடுங்காலம் வாழ்ந்தார். தமிழுக்கும் இடமளித்த 1944ஆம் ஆண்டுத் தீர்மானத்தை 1956இன் தனிச் சிங்களச் சட்டம் செல்லாக்காசாக்கியதையும் பார்த்துவிட்டு, 1966 ஏப்ரல் 12இல் தமது 91ஆவது வயதில் மறைந்தார். வேலணை மத்திய கல்லூரி இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

பாட்டனாரிடம் ஒருநாள் கேட்டேன், 1947இல் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று.

"தம்பையாவுக்குத்தான் போட்டனான், தம்பி. துரைசுவாமியர் பிழையான ஆள் எண்டில்லை. எங்கடை றோட்டைப் பற்றிக் கதைக்க ஒரு ஆள் வேணுமெண்டு நினைச்சம்."

வெற்றிலைத் தட்டத்தை இழுத்துக்கொண்டு, "றோட்டும் கனகாலம் வரேல்லை" என்றார்.